தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி, பல்கலைக்கழக நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி அலுவலகம், ஆசிரியர் சங்கக் கூட்டம், சேர்க்கை வரிசை என எங்கு போனாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்பவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். எண் போட்டிருப்பதற்குக் காரணம், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சுட்டும் என்பதுதான்.

1. கவர்மெண்ட் காலேஜ், எய்டட் காலேஜ், யுனிவர்சிட்டி – எல்லாத்துக்கும் அரசுதானே பணம் தருது? இதுல என்ன வித்தியாசம்?

மூன்றுக்கும் பணம் வரும் குழாய் வேறு. அரசுக் கல்லூரி என்பது அரசின் ஓர் அலுவலகம். ஆசிரியர் அரசு ஊழியர், சம்பளம் நேராகக் கருவூலத்திலிருந்து வருகிறது, கட்டடமும் அரசுடையது. கல்லூரிக்கென்று தனி 'வருமானம்' என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது.

அரசு உதவி பெறும் கல்லூரியை நடத்துவது ஓர் அறக்கட்டளையோ சங்கமோ மறைமாவட்டமோ. அரசு ஒப்புக்கொண்ட பணியிடங்களுக்கு மட்டும் சம்பள மானியம் வரும். கூரை ஒழுகினால் நிர்வாகம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகம் மூன்றாவது வகை. சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் உருவான தன்னாட்சி அமைப்பு. அரசு ஆண்டுக்கு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுக்கும். அலுவலகங்களில் இதை 'பிளாக் கிராண்ட்' என்பார்கள், அரசாணைத் தமிழில் தொகுப்பு மானியம். மீதியைப் பல்கலைக்கழகமே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். செய்தித்தாளில் 'சம்பளம் இல்லை' என்று நீங்கள் படிப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைப் பற்றித்தான்.

2. பட்ஜெட்ல உயர்கல்விக்கு எட்டாயிரம் கோடிக்கு மேலன்னு சொல்றாங்களே, அவ்வளவும் எங்க போகுது?

2024-25-ல் 8,212 கோடி ரூபாய், 2025-26-ல் 8,494 கோடி. பெரும்பகுதி சம்பளம். அரசுக் கலைக் கல்லூரிகள், உதவி பெறும் கல்லூரிகள், அரசுப் பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், பல்கலைக்கழக மானியம் எல்லாம் இதற்குள்தான். ஒப்பிட ஓர் எண் வேண்டுமென்றால், அதே 2025-26-ல் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி.

இந்தத் தொகையில் சேராதவை நிறைய. மருத்துவக் கல்லூரிகள் மக்கள் நல்வாழ்வுத் துறையில், வேளாண் பல்கலைக்கழகம் வேளாண் துறையில், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் கால்நடைத் துறையில், சட்டக் கல்லூரிகள் சட்டத் துறையில், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழ் வளர்ச்சித் துறையில் வருகின்றன. மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தின் பணம்கூட சமூக நலத் துறைக் கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே 8,494 கோடியை மாணவர் எண்ணிக்கையால் வகுத்து 'ஒரு மாணவருக்கு இவ்வளவு' என்று போடும் கணக்கு எதுவும் நிற்காது.

3. அதை நாமே புத்தகத்துல பார்க்க முடியுமா? எந்தப் பக்கம்?

முடியும். மாநில நிதித் துறையின் இணையதளத்தில் மானியக் கோரிக்கைகள் தனித்தனிக் கோப்பாக இருக்கும். உயர்கல்வித் துறையின் கோரிக்கை எண் 20. அதற்குள் பக்கத்தைத் தேடுவதைவிடக் கணக்குத் தலைப்பைத் தேடுவது நல்லது. 2202 என்பது பொதுக்கல்வி. அதில் 03 பல்கலைக்கழகம், உயர்கல்வி. அதன் கீழ் 102 என்றால் பல்கலைக்கழகங்களுக்கு உதவி, 103 அரசுக் கல்லூரிகள், 104 அரசு சாராக் கல்லூரிகளுக்கு, அதாவது உதவி பெறும் கல்லூரிகளுக்கு. பாலிடெக்னிக், பொறியியல் எல்லாம் 2203. புதுக் கட்டடம் வேண்டுமானால் 4202. கேள்வி 1-ல் சொன்ன மூன்று குழாய்களும் 102, 103, 104 என்று வரிசையாக நிற்பதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

பலர் சறுக்கும் இடம், நெடுவரிசை மாற்றிப் படிப்பது. 2025-26 புத்தகத்தில் 2023-24-க்கு உண்மையில் செலவான கணக்கு, 2024-25-க்கு முதலில் போட்ட மதிப்பீடு, அதன் திருத்த மதிப்பீடு, 2025-26-க்கான மதிப்பீடு என நான்கு நெடுவரிசை இருக்கும். ஓர் ஆண்டின் மதிப்பீட்டை இன்னோர் ஆண்டின் உண்மைச் செலவோடு வைத்து 'கூட்டிவிட்டார்கள்', 'வெட்டிவிட்டார்கள்' என்று சொல்வது மேடைப் பேச்சுக்குச் சரி. மதிப்பீட்டை மதிப்பீட்டோடும் செலவைச் செலவோடும் ஒப்பிடுங்கள். மதிப்பீட்டுக்கும் திருத்த மதிப்பீட்டுக்கும் இடையில் விழும் பள்ளம்தான் கவனிக்க வேண்டியது. நடு ஆண்டில் எதைக் கைவிட்டார்கள் என்பது அதில்தான் தெரியும்.

4. பட்ஜெட்ல பேர் வந்துட்டா பணம் வந்துடுச்சுன்னு அர்த்தமா?

இல்லை. சட்டமன்றம் ஒப்புதல் தருவது 'இவ்வளவு வரை செலவழிக்கலாம்' என்ற அனுமதிக்குத்தான். அதன்பின் துறை, நிதித் துறையின் இசைவோடு நிதி விடுவிப்பு ஆணை போட வேண்டும். பல்கலைக்கழக மானியம் ஒரே தவணையில் வராது, ஆண்டுக்குள் பிரித்துத்தான் வரும். முன் தவணை எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகவில்லையென்றால் அடுத்தது தாமதமாகும்.

ஆணை வந்த பிறகும் பட்டியல் (பில்) தயாரித்து, அரசின் களஞ்சியம் மென்பொருள் வழியாகக் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னையில் இதைச் சம்பளக் கணக்கு அலுவலகம் பார்க்கும். கணக்குத் தலைப்பில் ஓர் இலக்கம் பிசகினாலும் பட்டியல் திரும்பும். மார்ச் மாதம் இது நடந்தால் தலைவலிதான். 31-ஆம் தேதிக்குள் பட்டியல் செல்லவில்லையென்றால் அந்த ஆண்டு ஒதுக்கீடு காலாவதி. அடுத்த ஆண்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, புதிதாகக் கேட்க வேண்டும்.

5. அரசுக் கல்லூரியில லேப்ல கருவி இல்ல, கழிவறை சரியில்ல. முதல்வர் நினைச்சா வாங்க முடியாதா?

கல்லூரி முதல்வர் பணம் பெற்று வழங்கும் அலுவலர். அதாவது கையெழுத்துப் போடுபவர். எதில் எவ்வளவு என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் அவரில்லை. சம்பளத் தலைப்பில் மிச்சமிருக்கும் பணத்தில் நுண்ணோக்கி வாங்க முடியாது. தலைப்பு மாற்ற மேலிட ஆணை வேண்டும். கட்டடப் பணம் கல்லூரிக்கு வருவதே இல்லை, பொதுப்பணித் துறைக்குப் போகிறது. 2022-23-ல் அறிவித்த பெருந்தலைவர் காமராஜர் கல்லூரி மேம்பாட்டுத் திட்டம் 5 ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்ற கணக்கோடு வந்தது. அதில் கட்டும் வகுப்பறைகளுக்கும் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, பணி எல்லாம் பொறியாளர்கள் கையில்தான்.

முதல்வர் ஓரளவு கை வைக்கக்கூடியது மாணவர்களிடம் வசூலாகும் சிறப்புக் கட்டணங்களில். அதிலும் விளையாட்டுக்கென்று வாங்கியதை விளையாட்டுக்கும் நூலகத்துக்கென்று வாங்கியதை நூலகத்துக்கும்தான் செலவிடலாம். கழிவறைக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டுமென்றால் பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும்தான் பல ஊர்களில் கைகொடுக்கிறார்கள். அது நல்ல விஷயம். அதையே ஏற்பாடாக நம்பி உட்காருவது நல்லதில்லை.

6. டியூஷன் ஃபீஸ் கிடையாதுன்னு சொன்னாங்க. அப்புறம் எதுக்கு ரசீது போட்டுப் பணம் வாங்கறாங்க?

ரசீதை ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைக்கும் முதுநிலைக்கும் கற்பிப்புக் கட்டணம் தள்ளுபடி. ரசீதில் இருப்பது சேர்க்கைக் கட்டணம், நூலகம், விளையாட்டு, ஆய்வகம், பல்கலைக்கழகப் பதிவு போன்ற சிறு சிறு தொகைகள். பதிவுக் கட்டணம் கல்லூரிக்கே இல்லை, இணைப்புத் தரும் பல்கலைக்கழகத்துக்குப் போவது. தேர்வுக் கட்டணமும் அப்படித்தான். தானே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் மட்டும் தேர்வுக் கட்டணம் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் தங்கும்.

7. எய்டட் காலேஜ்னு நம்பிச் சேர்த்தோம். ஆனா ஃபீஸ் பல ஆயிரம் கேக்கறாங்களே?

பிள்ளை சேர்ந்திருக்கும் பாடப்பிரிவு சுயநிதிப் பிரிவாக இருக்கும். ஒரே வளாகம், ஒரே பெயர்ப்பலகை, ஒரே முதல்வர். ஆனால் காலையில் நடக்கும் வேதியியல் அரசு உதவி பெறுவதாகவும், மதியம் நடக்கும் பி.காம். சுயநிதியாகவும் இருக்கும். சுயநிதிப் பிரிவுக்கு அரசு ஒரு ரூபாயும் தருவதில்லை. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியரின் சம்பளம் முழுக்க உங்கள் கட்டணத்திலிருந்துதான்.

சேர்வதற்கு முன் கையேட்டில் பாடப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் 'உதவி பெறுவது', 'சுயநிதி' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். 'ஷிஃப்ட் 2 என்றால் சுயநிதி' என்ற பேச்சு உதவி பெறும் கல்லூரிகளுக்குத்தான் பொருந்தும். அரசுக் கல்லூரிகளிலும் இரண்டாம் சுழற்சி உண்டு, அது அரசுச் செலவில் நடப்பது. இந்தக் குழப்பத்தில் அரசுக் கல்லூரியின் மதிய வகுப்பை வேண்டாமென்று விட்டுவிட்டுத் தனியார் கல்லூரிக்குப் போனவர்கள் உண்டு.

8. உதவி பெறும் கல்லூரியில ஆசிரியரை நியமிக்கறது நிர்வாகம், சம்பளம் கொடுக்கறது அரசு. அப்போ யார் சொல்றது செல்லும்?

1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் இந்த உறவை வரையறுக்கிறது. நியமனம் கல்லூரிக் குழுவுக்கு. ஆனால் அந்த நியமனத்துக்குக் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் ஒப்புதல் இல்லையென்றால் சம்பள மானியம் வராது. மாதந்தோறும் சம்பளப் பட்டியலைச் செயலர் கையெழுத்தோடு இணை இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்ப, அங்கே சரிபார்த்துப் பணம் விடுவிக்கப்படும்.

நடைமுறையில் சிக்கல் நியமனத்துக்கு முன்பே தொடங்கிவிடும். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் தானாக நிரம்பாது. பணிச்சுமை கணக்கிட்டு, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி காட்டி, நிரப்ப அனுமதி கேட்க வேண்டும். அனுமதி வர ஆண்டுகள் ஆகும்போது நிர்வாகம் சொந்தப் பணத்தில் ஒருவரைக் குறைந்த சம்பளத்துக்கு வைக்கும். அவர் செய்யும் வேலை உதவி பெறும் பாடப்பிரிவில், சம்பளமோ சுயநிதிக் கணக்கில். பிறகு அனுமதி வரும்போது அவருக்குத்தான் இடம் என்று எந்த உறுதியும் இல்லை.

9. பல்கலைக்கழகத்துக்குத் தர்ற மானியத்தை எப்படிக் கணக்குப் போடறாங்க?

அரசு அனுமதித்த பணியிடங்களின் சம்பளம்தான் அடித்தளம். பல்கலைக்கழகத்தில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், எத்தனை மாணவர்கள் படிக்கிறார்கள் என்பது இரண்டாம் பட்சம். எளிதாகப் புரிய ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனை, அமைப்பு உண்மை.

அனுமதித்த பணியிடம் 200, அதில் ஆள் இருப்பது 120. ஒருவருக்கு ஆண்டுக்கு 15 லட்சம் என்றால் 18 கோடி. அரசின் அனுமதி இல்லாமல் பல்கலைக்கழகமே உருவாக்கிய இடங்களில் 40 பேர், தலைக்கு 8 லட்சம், ஆக 3.2 கோடி. ஓய்வூதியம் 14 கோடி. மொத்தம் 35.2 கோடி. அரசு 18 கோடியைத்தான் கணக்கில் எடுக்கும். அதிலும் தணிக்கைத் தடை (கேள்வி 12 பார்க்க) என்று 2 கோடியைப் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 16 கோடி. மீதி 19.2 கோடியைப் பல்கலைக்கழகம் எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். இன்னும் மின்கட்டணமும் ஆய்வகமும் நூலகமும் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

80 இடங்கள் காலியாகக் கிடப்பது அரசுக்கு மிச்சம், பல்கலைக்கழகத்துக்கு நாக் (உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) மதிப்பெண்ணில் அடி. மதிப்பெண் குறைந்தால் அடுத்த கேள்வியில் வரும் தொலைநிலைக் கல்வி வருமானமும் போகும்.

10. மீதிப் பணத்தை எப்படித்தான் சம்பாதிக்கறாங்க? ஏன் இப்போ மட்டும் பற்றாக்குறை?

இணைப்புக் கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், தொலைநிலைக் கல்வி, சுயநிதிப் படிப்புகள், வைப்புத்தொகை வட்டி. ஒரு காலத்தில் தொலைநிலைக் கல்விதான் பசு மாடு. மாநிலம் தாண்டி மையம் வைத்து மாணவர் சேர்த்தார்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அதற்கு எல்லை வரம்பும், 2017-க்குப் பின் நாக் மதிப்பெண் வரம்பும் வைத்தது. 2020 விதிகளின்படி 4-க்கு 3.01 மதிப்பெண், இல்லையென்றால் தேசியத் தரவரிசையில் முதல் 100-க்குள் இடம் வேண்டும்.

இணைப்புக் கட்டணமும் பிரிந்துபோனது. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபோது நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கல்லூரிகள் மதுரை காமராசரை விட்டுப் போயின. 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தபோது வட மாவட்டக் கல்லூரிகள் சென்னையை விட்டுப் போயின. அந்தத் திருவள்ளுவரிடமிருந்து கடலூர், விழுப்புரம் பகுதிக் கல்லூரிகள் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மாறின. புதுப் பல்கலைக்கழகம் பிறந்ததை மாவட்டம் கொண்டாடும். பழைய பல்கலைக்கழகத்துக்குக் கல்லூரிகள் போய்விடும், ஓய்வூதியர்கள் மட்டும் அதனிடமே இருப்பார்கள்.

11. ஓய்வூதியம் அரசுதானே கொடுக்கும்? யுனிவர்சிட்டி ஏன் தவிக்குது?

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இது. அரசுக் கல்லூரியில் ஓய்வு பெற்றவருக்கும் உதவி பெறும் கல்லூரியில் ஓய்வு பெற்றவருக்கும் ஓய்வூதியம் கருவூலத்திலிருந்து வருகிறது. பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவருக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்த ஓய்வூதிய நிதியிலிருந்து வர வேண்டும். மூவரும் ஒரே யுஜிசி ஊதிய விகிதத்தில் இருந்தவர்கள், ஒரே பாடத்தை நடத்தியவர்கள்.

ஊதியக் குழு வரும்போதெல்லாம் ஓய்வூதியமும் உயரும், அகவிலைப்படி உயரும்போதும் உயரும். அதற்கென ஒதுக்கிய மூலநிதி அந்த வேகத்தில் வளர்வதில்லை. முதலில் வட்டி போதாமல் போகும், அப்புறம் வைப்புத்தொகையை உடைப்பார்கள். உடைத்த பின் வட்டியும் இல்லை. 1.4.2003 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருப்பதால் நெடுங்காலத்தில் சுமை குறையும் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன் சேர்ந்தவர்கள்தான் இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். பல்கலைக்கழக ஓய்வூதியத்தையும் கருவூலத்துக்கு மாற்றினால் ஒழிய இது தீராது என்பது எங்கள் கருத்து. மானியத்தில் இரண்டு கோடி கூட்டுவதெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றுவது.

12. 'ஆடிட் அப்ஜெக்‌ஷன்' இருக்குன்னு மானியத்தைப் பிடிச்சுட்டாங்கன்னு சொல்றாங்களே, அது ஊழலா?

சில சமயம் இருக்கலாம். பெரும்பாலானவை அப்படியில்லை. பல்கலைக்கழகக் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. அரசு ஒப்புதல் இல்லாத பணியிடம், தகுதிக்கு முன்பே கொடுத்த பதவி உயர்வு, முனைவர் பட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த ஊதிய உயர்வு, சரிக்கட்டாத முன்பணம் ஆகியவைதான் திரும்பத் திரும்ப வருபவை.

முன்பணம் எப்படித் தடையாகிறது என்று பாருங்கள். தேர்வுத்தாள் திருத்தும் முகாமுக்கு ஒருவர் பெயரில் 5 லட்சம் முன்பணம் எடுக்கிறார்கள். முகாம் முடிந்து ரசீதுகள் ஒரு காக்கி உறையில் அலமாரிக்குப் போகின்றன. கணக்குக் கொடுக்க வேண்டியவர் மாற்றலாகிறார், பிறகு ஓய்வு பெறுகிறார். 5 லட்சமும் நியாயமாகச் செலவானதுதான். ஆனாலும் ஏட்டில் அது நிலுவை முன்பணம். பத்தாண்டு கழித்து உறையைத் தேடினால் கரையான் தின்ற காகிதம்தான் கிடைக்கும்.

தடையை நீக்க வழி: பத்தி வாரியாகப் பதில், ஒவ்வொன்றுக்கும் அரசாணை நகலோ ஆட்சிக்குழுத் தீர்மானமோ ரசீதோ இணைப்பு, பின் தணிக்கையரோடு கூட்டமர்வு. ஆட்சிக்குழுத் தீர்மானம் மட்டும் இருந்தால் பணியிடம் சார்ந்த தடை நீங்காது. அதற்கு அரசின் ஒப்புதல்தான் வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் தீர்மான நகலையே மீண்டும் மீண்டும் அனுப்பி ஆண்டுகளைக் கழித்த பல்கலைக்கழகங்கள் உண்டு.

13. 2024-ல சென்னைப் பல்கலைக்கழக வங்கிக் கணக்கை வருமான வரித் துறை முடக்குச்சே, அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எதுக்கு வரி?

அரசுப் பல்கலைக்கழகம் என்பதாலேயே வரிவிலக்கு வந்துவிடாது. அப்போதிருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(23சி) பிரிவில் 'கணிசமான அளவு அரசு நிதியில் நடக்கும்' கல்வி நிறுவனத்துக்கு விலக்கு இருந்தது. கணிசம் என்றால் எவ்வளவு? ஆண்டின் மொத்த வரவில் அரசு மானியம் 50 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும் என்றது விதி 2பிபிபி. 2017-18 முதல் 2020-21 வரையிலான ஆண்டுகளில் மானியம் அதற்குக் கீழே போய்விட்டது என்று கூறி, 424 கோடி ரூபாய் வரி கேட்டு 2024 பிப்ரவரியில் கணக்குகளை முடக்கினார்கள்.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். மானியத்தைக் குறைத்துவிட்டு 'சொந்த வருமானத்தைப் பெருக்கு' என்று ஒரு துறை சொல்கிறது. பெருக்கினால் மானியத்தின் பங்கு 50-க்குக் கீழே இறங்கும், அப்போது இன்னொரு துறை வரி கேட்கும். கேள்வி 9-ன் மாதிரிக் கணக்கையே எடுங்கள். 16 கோடி மானியமும் 19.2 கோடி சொந்த வருமானமும் என்றால் மானியத்தின் பங்கு சுமார் 45 விழுக்காடு. வலையில் விழுந்தாயிற்று. நிதி அலுவலர்கள் செய்ய வேண்டியது, இந்த விழுக்காட்டை ஆண்டு முடியும் முன்பே கணக்கிடுவதும், அறக்கட்டளைகள் வைத்திருப்பதுபோல் வரிவிலக்குக்கான பதிவு வைத்திருப்பதும்தான்.

14. ஜிஎஸ்டி கூடவா?

மாணவரிடம் வாங்கும் கல்வி, தேர்வுக் கட்டணத்துக்கு இல்லை. கல்லூரிகளிடம் பல்கலைக்கழகம் வாங்கும் இணைப்புக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு உண்டு என்று 2024 செப்டம்பரில் கூடிய 54-ஆவது ஜிஎஸ்டி மன்றக் கூட்டத்துக்குப் பின் தெளிவாக்கிவிட்டார்கள். 1 லட்சம் இணைப்புக் கட்டணத்துக்கு 18,000 ரூபாய். கல்லூரியிடம் அப்போதே வசூலிக்காமல் விட்டால் பின்னால் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து கட்ட வேண்டி வரும். அதே கூட்டத்தில் ஆராய்ச்சி மானியங்களுக்கு விலக்குக் கிடைத்தது ஒன்றுதான் ஆறுதல்.

15. மத்திய அரசு ஒண்ணுமே தர்றதில்லையா? கல்வி பொதுப்பட்டியல்ல தானே இருக்கு?

1976-ன் 42-ஆவது திருத்தத்தில் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனது. செலவு மாநிலத்திடமே தங்கியது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மத்தியப் பணம் வர, யுஜிசி சட்டத்தின் 12பி பிரிவுத் தகுதி வேண்டும். வந்தாலும் அது திட்டம் சார்ந்த பணம். நிரந்தரச் சம்பளத்துக்குத் தொட முடியாது. மாநில உயர்கல்விக்கென 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த ரூசா திட்டத்தில் மத்திய பங்கு 60, மாநிலப் பங்கு 40. 2023-ல் அது பிஎம்-உஷா என்று பெயர் மாறியபோது தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். தொடக்கத்தில் கையெழுத்திடாத மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

ஊதியக் குழுவிலும் இதே கதைதான். ஏழாவது ஊதியக் குழுவின் யுஜிசி விகிதத்தால் வந்த கூடுதல் செலவில் 50 விழுக்காட்டை 1.1.2016 முதல் 31.3.2019 வரைக்கும் மத்திய அரசு ஏற்றது. அதற்குப் பின் முழுச்சுமையும் மாநிலத்துக்கு.

திட்டப் பணம் கையாள்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மானியத்தை வங்கியில் போட்டதில் வந்த வட்டி உங்களுடையதில்லை, திருப்பிச் செலுத்த வேண்டியது. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். பேராசிரியர் கையெழுத்திட்டு வைத்த சான்றிதழில் வட்டிக் கட்டம் காலியாக இருப்பதுதான் திரும்பி வருவதற்கான முதல் காரணம்.

16. கௌரவ விரிவுரையாளர்னு பேரு, சம்பளம் மட்டும் ஏன் இப்படி?

நிரந்தரப் பணியிடத்தின் செலவு சம்பளத் தலைப்பில் ஆண்டுதோறும் நிற்கும், பிறகு ஓய்வூதியப் பொறுப்பும் வரும். கௌரவ விரிவுரையாளருக்குத் தொகுப்பூதியம் போதும். அரசுக் கல்லூரிகளில் 2025-ல் அது மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்கு 11 மாதம். யுஜிசி 2019-ல் சொன்னது ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700. இடையிலுள்ள தொகைதான் அரசுக்கு மிச்சம். இதை நிதி நெருக்கடி என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2024-ல் அறிவிக்கை விட்டதே தேவை நிரந்தரமானது என்பதற்கு அத்தாட்சி.

17. பேசாம அரசே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா என்ன?

எடுத்துப் பார்த்தது. நிதி நெருக்கடியில் சிக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தனிச் சட்டம் போட்டு அரசு ஏற்றது. உபரி ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும், அலுவலர்கள் பிற துறைகளுக்கும் பணிநிரவலில் போனார்கள். மருத்துவக் கல்லூரி 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குப் போனது. சம்பளச் சுமையைப் பல துறைக் கணக்குகளில் பிரித்துப் போட்டதுதான் அங்கே நடந்தது. அதற்கே பல ஆண்டுகள் ஆயின.

சிறிய அளவில் சரியாக நடந்தது உறுப்புக் கல்லூரிகள் விஷயம். பல்கலைக்கழகங்கள் தம் பணத்தில் நடத்திவந்த 41 உறுப்புக் கல்லூரிகளை அரசுக் கல்லூரிகளாக மாற்றினார்கள். கேள்வி 3-ன் மொழியில் சொன்னால், செலவு 102-லிருந்து 103-க்கு நகர்ந்தது. மாணவருக்குக் கட்டணம் குறைந்தது, பல்கலைக்கழகத்துக்கு ஒரு சுமை இறங்கியது.

18. முதல் பட்டதாரி சலுகை, 7.5 சதவீதம், ஸ்காலர்ஷிப் – இதெல்லாம் கல்லூரிக்குக் கிடைக்கிற நிதிதானே?

மாணவர் பெயரில் வரும் நிதி. சுயநிதிப் பொறியியல் கல்லூரிக்கும் போகும். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவரின் கட்டணத்தை அரசு கட்டுகிறது, அந்தப் பணம் தனியார் கல்லூரிக் கணக்கிலும் விழலாம். ஆகவே இதைப் பொதுக் கல்லூரிகளுக்கான செலவோடு கூட்டக் கூடாது.

பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் 2020-21 முதல் மத்திய பங்கு 60 விழுக்காடு. அது மாணவரின் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதில் கல்லூரிக் கட்டணமும் அடங்கியிருப்பது வீட்டில் பலருக்குத் தெரிவதில்லை. வந்ததும் செலவாகிவிட்டால், தேர்வு நேரத்தில் கல்லூரி நிலுவை என்று நிற்கும்.

19. எங்க பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு வந்துச்சு, எதுல பிடிச்சாங்கன்னு எப்படிக் கேக்கறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6(1). ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை, விரைவுத் தபால். பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்றும் உயர்கல்வித் துறைக்கு ஒன்றும் தனித்தனியாக அனுப்புங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

'ஏன் மானியம் குறைந்தது' என்று கேட்டால், 'ஏன்' என்பது தகவல் அல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: குறிப்பிட்ட நிதியாண்டுக்கான நிதி விடுவிப்பு அரசாணைகள் அனைத்தின் நகல், 31 மார்ச் அன்று நிலுவையிலுள்ள தணிக்கைத் தடைகளின் எண்ணிக்கையும் தொகையும், அனுமதித்த பணியிடமும் நிரம்பியதும் துறை வாரியாக, ஓய்வூதிய நிதியின் தொடக்க, இறுதி இருப்பு. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். விரைவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.